ஆனியில் கொலு

விளாச்சேரி. 2025, ஆனி மாதம். காலை ஏழரை மணி.

திண்ணையில் தலைகள் காய்கின்றன. எல்லாம் செட்டியார் தலை. கண் எழுதவில்லை. மீசை எழுதவில்லை. நெற்றி வெறுமையாக இருக்கிறது. எதிர்த் திண்ணையில் உடல்கள். சம்மணமிட்ட கால், தொந்தி, தொடையில் ஊன்றிய கை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி.

இரண்டு திண்ணைக்கும் நடுவே கோழி ஒன்று நடந்து போகிறது.

கூரைகளுக்கு மேலே திருப்பரங்குன்றம் மலை. மதுரை டவுன் பஸ் வந்து திரும்பும் சத்தம். பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர் இது. அவருக்கு நினைவு இல்லமும் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் விசாரிப்பது பொம்மை வீடுகளை.

நவராத்திரி செப்டம்பர் 22-ல் தொடங்குகிறது. நடுவில் ஆடி முழுதும் இருக்கிறது, ஆவணி முழுதும் இருக்கிறது.

நிலைக்குப் பக்கத்தில் தினசரிக் காலண்டர். அதன் கீழே, பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பேனாவில் மூன்று வரி.

கப்பல் – வைகாசி கடைசி.
வெளிநாட்டு கூரியர் – ஆகஸ்ட் 10.
மெட்ராஸ், பெங்களூர் – செப்டம்பர் 10.

முதல் வரி அடிக்கப்பட்டிருக்கிறது.

மதுரைக்குத் தேதி இல்லை. மதுரைக்காரர்கள் நேரில் வந்து எடுத்துப் போவார்கள்.

மாமனார் அச்சுக்கு முன்னால் குந்தியிருக்கிறார். இது தலையும் உடலும் ஒன்றான செட்டியாருக்கு. அச்சு இரண்டு பாதி. முன் பாதியில் முகமும் வயிறும். பின் பாதியில் முதுகும் குடுமியும். சாம்பல் மூட்டையை உள்ளே தட்டுகிறார். மண்ணை அடை தட்டுவதுபோல் தட்டி இறக்குகிறார். கட்டைவிரலால் மூலைகளில் அழுத்துகிறார். மூக்கு இருக்கும் குழியில் விரல் சற்று நிற்கிறது. மூக்கு நிரம்பாவிட்டால் பொம்மை போச்சு.

ஓரத்தில் சேற்றுக் குழம்பைத் தடவுகிறார். இரண்டு பாதியையும் சேர்த்து மடியில் வைத்து அமுக்குகிறார். உள்ளே மண் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார். தெருவைப் பார்க்கிறார். அச்சைத் திறக்கிறார். ஒரு செட்டியார் வெளியே வருகிறார், ஈரமாக.

மூங்கில் சிம்பால் ஒட்டுத் தையலை வழிக்கிறார். பலகையில் வைக்கிறார். சாம்பல் மூட்டையை எடுக்கிறார்.

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி. அதில் காகிதம் ஊறுகிறது. பழைய விடைத்தாள், பில் புத்தகம், அச்சாபீஸ் கழிவு. எழுத்துகள் பிரிந்து நீர் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலை மட்டும், மஞ்சள் தடவிய மூலை, மேலே மிதக்கிறது. மகன் அதைக் கையால் அமிழ்த்துகிறான். காகிதம் அரைபட்டுக் கூழாகும். சாக்குப் பொடியும் பசையும் சேரும். பிறகு மாப்பிள்ளை அச்சுக்குள் போகும்.

மண் பொம்மை மதுரைக்கு. கூழ் பொம்மை கடல் கடக்க. கூழ் கனம் குறைவு. விழுந்தாலும் சட்டென்று உடையாது. மாமனாருக்கு மண்தான் கை. கூழை மகனிடம் விட்டுவிட்டார். தொட்டிப் பக்கம் அவர் போவதில்லை.

பதினோரு மணி. வீட்டுக்குள் வெளிச்சம் சரியாக விழும் நேரம்.

ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். அதன் மேல் வெளிர்நீலச் சார்ட் பேப்பர், பாதி சுவரில், பாதி ஸ்டூலில், மடிப்பு விழாமல் வளைத்து ஒட்டியது. நடுவில் போன வருடத்து வளைகாப்பு செட். கர்ப்பிணி, வளையல்காரர், நலங்கு வைக்கும் பெண்கள், தாம்பாளத்தில் மிளகளவு லட்டு. பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல், நிமிர்த்தி வைத்தது. ஏழு அங்குலம் என்று எழுதினால் போதாது. ஸ்கேல் தெரிய வேண்டும்.

மாமியார் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் கர்ப்பிணியின் இடது கன்னத்தில் விழுகிறது.

"அத்தை, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

அட்டை சாய்கிறது.

"இன்னும் கொஞ்சம்."

மருமகள் போனைப் பொம்மைக்குக் கிட்டே கொண்டுபோய் மெல்லச் சுற்றுகிறாள். உதடு அசைகிறது. "வளைகாப்பு செட், ஒன்பது பீஸ், காகிதக்கூழ், கையால பெயிண்ட் பண்ணது..." தெருவில் பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்கும் வண்டி ஒலிபெருக்கியுடன் நுழைகிறது. அவள் நிறுத்துகிறாள். வண்டி தாண்டும்வரை மூவரும் அசையாமல் காத்திருக்கிறார்கள்: மருமகள், மாமியார், கர்ப்பிணி.

மறுபடியும். இந்த முறை கோயில் மைக். மறுபடியும். மாமியார் கை மாற்றிக்கொள்கிறார்.

முப்பது நொடி வீடியோ மதியச் சாப்பாட்டுக்கு முன் ஏறிவிடுகிறது. அடியில், "முன்பதிவு ஆரம்பம்". மூன்றாவது நிமிடம் முதல் கேள்வி வருகிறது. "பிரைஸ்?"

அதே வீடியோ சாயங்காலத்துக்குள் வேறு இரண்டு பக்கங்களில் தெரிகிறது. மூலையில் வேறு பெயர், வளைந்த எழுத்தில். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து வாங்கி விற்பவர்கள். விலையும் வேறு. இங்கே 2,200. ஒரு பக்கத்தில் 3,900. இன்னொன்றில் 5,500, பெட்டிக்குத் தனி.

மருமகள் மூன்றையும் பார்க்கிறாள். 5,500 போட்டவரின் செய்தி மேலே வந்து நிற்கிறது. "அக்கா, பத்து செட் வேணும். ரேட் பார்த்துப் போடுங்க."

அவள் பார்த்துப் போடுகிறாள். 1,900.

சென்னைப் பெண் ஒருத்தி எட்சி இணையச் சந்தையிலும் கடை வைத்திருக்கிறாள். அங்கே ஒரு பொருளைப் பட்டியலில் ஏற்ற 20 சென்ட், நான்கு மாதத்துக்கு. விற்றால் 6.5 சதவீதம். இதை அவளே மருமகளுக்குப் போனில் சொல்கிறாள். ஆனியில் ஏற்றிய பொம்மை நவராத்திரி முடியும்வரை பட்டியலில் நிற்கும். கொலுவின் நாள் கணக்கும் அந்த நான்கு மாதமும் எப்படியோ பொருந்தியிருக்கின்றன.

மதுரை. கூரியர் அலுவலகக் கவுண்டர். மகன் ஒரு காலி அட்டைப் பெட்டியுடன் நிற்கிறான். விலை விசாரிக்க மட்டும் வந்திருக்கிறான்.

கவுண்டர் பையன் டேப்பை நீட்டுகிறான். நீளம் 40 சென்டிமீட்டர். அகலம் 30. உயரம் 30. மூன்றையும் பெருக்குகிறான். 36,000. அதை 5,000 ஆல் வகுக்கிறான். 7.2.

"ஏழரை கிலோ சார்ஜ்ணே."

"பொம்மை மூணு கிலோகூட வராது தம்பி."

"எடை எது ஜாஸ்தியோ அதுதாண்ணே போடுவோம். அளவு எடை ஏழரை."

மகன் பெட்டிக்குள் பார்க்கிறான். ஒன்றும் இல்லை. ஏழரை கிலோ.

இந்த வகுத்தல் கணக்கு தெருவுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. பரணில் பழைய அச்சுகள் ஒன்றரை அடி, இரண்டடி. தூசு படிந்து கிடக்கின்றன. கீழே புழங்கும் அச்சுகள் ஏழு அங்குலம், ஐந்து அங்குலம். கருடனின் சிறகு முன்பு முதுகோடு சேர்ந்த ஒரே வார்ப்பு. இப்போது தனி. போய்ச் சேர்ந்தபின் செருகிக்கொள்ள முதுகில் இரண்டு கீறல். கல்யாண செட்டின் பந்தல் நான்கு காலாகவும் ஒரு கூரையாகவும் பிரிகிறது. வாழை மரம் கழன்று வருகிறது. கள்ளழகரின் குதிரை தூக்கியிருந்த முன்காலை மடக்கிக்கொண்டுவிட்டது.

இத்தனையும் பெட்டியின் உயரத்தில் இரண்டு அங்குலம் குறைக்க.

பெட்டிக்குள் முன்பு வைக்கோல். வெளிநாட்டுப் பெட்டியில் வைக்கோல் கூடாது. செடி, பயிர்ச் சமாச்சாரம் உள்ளே வரக் கூடாது என்று அங்கே சட்டம். ஆகவே குமிழ் உறை, காகிதச் சுருணை, மூலைக்கு மூலை தெர்மோகோல். மாமியார் குமிழ் உறையைச் சுற்றும் விதம், குழந்தைக்குத் துணி சுற்றும் விதம். தலையில் ஆரம்பித்துக் கால்வரை வந்து, மிச்சத்தை அடியில் மடித்துச் செருகுகிறார். டேப் பிறகுதான்.

மகன் பெட்டியை ஒட்டியதும் இடுப்பு உயரத்துக்குத் தூக்குகிறான். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். அவன் பெட்டியைக் கீழே போடுகிறான். ஒரு முறை மட்டமாக. ஒரு முறை மூலை படும்படி. திறக்கிறான். ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறான்.

"ஒண்ணும் ஆகலைம்மா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்.

ஆடி பிறக்கிறது. காற்று மண்ணைக் கிளப்புகிறது. ஜன்னலில் ஈரத் துணி தொங்குகிறது. ஈர வர்ணத்தில் தூசு படியக் கூடாது.

ஆடியில் நல்ல காரியம் கிடையாது. வியாபாரமும் அந்தக் காலத்தில் படுத்துக் கிடக்கும். ஜவுளிக் கடைகள் அந்த மாதத்தைத் தள்ளுபடி மாதமாக்கி ஒரு தலைமுறை ஆகிறது. பொம்மை வீட்டிலும் இப்போது ஆடிதான் உச்சம். எடிசன், ஃபிரிஸ்கோ, ஃபிரீமாண்ட், சிங்கப்பூர், மெல்போர்ன். ஊர்ப் பெயர்கள் நோட்டில் தமிழில் இருக்கின்றன. எதிரே பொம்மைகள். "எடிசன் – தசாவதாரம், செட்டியார் ஆச்சி ஜோடி." "மெல்போர்ன் – மளிகைக்கடை, கிரிக்கெட் செட்."

விடியற்காலையில் மாமியார் கண் எழுதுகிறார்.

வாசற்படியில் உட்காருகிறார். கிழக்கு வெளிச்சம் இடது தோளுக்கு மேல் வர வேண்டும். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் வெள்ளை. இன்னொன்றில் கறுப்பு. தூரிகையில் முடிகள் எண்ணிவிடலாம் போல் இருக்கின்றன. முதலில் எல்லாருக்கும் வெள்ளை. வரிசை முடிவதற்குள் முதலாவது காய்ந்துவிடுகிறது. பிறகு மேல் இமைக் கோடு. பிறகு புருவம். கருவிழி கடைசி.

கருவிழிக்கு வரும்போது பேச்சு நிற்கிறது. பொம்மையை இடது கையில் கழுத்தோடு பிடித்து மூக்குக்கு நேரே கொண்டுவருகிறார். மூச்சை இழுத்து நிறுத்துகிறார். ஒரு புள்ளி. மூச்சை விடுகிறார். மறுபடி இழுக்கிறார். இன்னொரு புள்ளி. கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்க்கிறார். பொம்மையும் பார்க்கிறது. சரியென்றால் பலகைக்குப் போகிறது. சரியில்லையென்றால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வெள்ளையிலிருந்து.

உள்ளே மருமகளின் போன் அடிக்கிறது. அங்கே ராத்திரி ஒன்பது மணி. அவர்களுக்கு அதுதான் ஓய்ந்த நேரம்.

"மேடம், எங்க செட் எப்ப டிஸ்பாட்ச்? வீடியோ கால்ல காட்ட முடியுமா?"

மருமகள் போனை வாசலுக்குக் கொண்டுவருகிறாள். மாமியார் திரும்பவில்லை. திரையில் தெரிவது ஒரு முதுகு, ஒரு கொண்டை, அதற்கு அப்பால் வரிசையாகப் பெருமாள்கள். பாதிப் பேருக்குக் கண் இருக்கிறது.

மறுமுனை ஒரு நிமிடம் பேசாமல் இருக்கிறது. பிறகு, "சரி, அவங்க வேலையைப் பார்க்கட்டும். நான் அப்புறம் பேசறேன்" என்கிறது.

ஆடி நடுவில் வேளாங்கண்ணிக் கடைக்காரர் வருகிறார். மஞ்சள் பை, குடை. கொடியேற்றம் ஆகஸ்ட் 29, மாதா பிறந்தநாள் செப்டம்பர் 8. திருவிழாக் கூட்டத்திலேயே குடில் செட் கொஞ்சம் போய்விடும் என்கிறார். மிச்சம் நவம்பரில். நாற்பது செட் சொல்கிறார். முன்பணத்தை எண்ணி வைக்கிறார். காபி வேண்டாம் என்கிறார். குடிக்கிறார்.

அவர் போன மறுநாள் பலகையில் இடம் மாறுகிறது. தசாவதாரத்துக்குப் பக்கத்தில் மூன்று ராஜாக்கள். ஆச்சிக்குப் பக்கத்தில் சூசையப்பர். குழந்தை ஏசு இருபது, குழந்தைக் கண்ணன் இருபது, ஒரே முறத்தில் காய்கிறார்கள். கண்ணன் தவழ்கிறான். ஏசு மல்லாந்து படுத்திருக்கிறார்.

கண்ணனின் உடம்புக்குக் கலக்கிய நீலத்தில் பாதி மிஞ்சிவிடுகிறது. மகன் அதில் கொஞ்சம் வெள்ளை விடுகிறான். மாதாவின் மேலங்கி ஆகிறது.

கிராமத்து செட்டின் ஆட்டுக்காரனும் குடிலின் இடையனும் ஒரே அச்சு. ஒருவனுக்குத் தலைப்பாகை. மற்றவனுக்கு முக்காடு. ஆடுகளுக்கு அந்த வித்தியாசமும் இல்லை.

சம்மனசின் சிறகும் தனி, கருடனின் சிறகும் தனி. இரண்டும் வெள்ளைப் பூச்சோடு காய்கையில் தூரத்திலிருந்து ஒன்றுபோல் இருக்கின்றன. மருமகள் ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எழுதுகிறாள். "ச." "க." "ச." "ச."

ஆகஸ்ட் 10. தாளில் இரண்டாவது வரி அடிக்கப்படுகிறது.

அதற்குப் பிறகு கெஞ்சி வாங்கியவர்கள் ஐந்து பேர், எல்லாரும் அமெரிக்கா. "எப்படியாவது அனுப்பிடுங்க மேடம், பொண்ணுக்கு முதல் கொலு." மாமியார் மூன்று நாள் கூடுதலாகக் கண் எழுதுகிறார். ஐந்து பெட்டிகள் தயாராகின்றன. தனியார் கூரியருக்குக் கட்டுப்படி ஆகாதவை. தபாலில் போக வேண்டியவை.

ஆகஸ்ட் 23, சனிக்கிழமை. டிவியில் செய்தி ஓடுகிறது. 800 டாலர் வரைக்குமான பொட்டலங்களுக்கு வரியில்லை என்ற சலுகையை அமெரிக்கா 29-ஆம் தேதியோடு நிறுத்துகிறது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகவில்லை. விமான நிறுவனங்கள் பொட்டலங்களை ஏற்க மறுக்கின்றன. இந்திய அஞ்சல் துறை 25-ஆம் தேதியிலிருந்து அமெரிக்காவுக்குப் பொட்டலம் எடுக்காது. கடிதம், ஆவணம், 100 டாலருக்கு உட்பட்ட பரிசுப் பொருள் மட்டும் போகலாம். மாதக் கடைசியில் அதுவும் நிற்கும்.

மருமகள் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறாள். அதற்குள் செய்தி மாறிவிடுகிறது.

திங்கட்கிழமை. தலைமை அஞ்சலகம். மகனுக்கு முன்னால் ஊறுகாய் டப்பாவோடு ஒரு தாத்தா நிற்கிறார். கவுண்டரில் இருக்கும் பெண்மணி இருவருக்கும் சேர்த்தே சொல்கிறார், "யு.எஸ். கிடையாதுங்கய்யா. எப்பத் திறக்கும்னு எங்களுக்கே சொல்லலை." தாத்தா டப்பாவைப் பையில் வைக்கிறார். மறுபடி எடுத்து மூடியைச் சரிபார்க்கிறார். மறுபடி வைக்கிறார்.

ஐந்து பெட்டிகளும் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்புகின்றன.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி. வாசலில் மாவிலை. அடுப்பில் கொழுக்கட்டை. மாமனார் செய்த களிமண் பிள்ளையார் மணையில் உட்கார்ந்திருக்கிறார், எருக்கம்பூ மாலையோடு. இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரியும் இன்றுதான் நடப்புக்கு வருகிறது. பிள்ளையாருக்குப் பின்னால், சுவரோரம், பெட்டிகள். மேலே ஊர்ப் பெயர் தெரிகிறது.

மருமகள் சூடம் காட்டிவிட்டு வந்து போனை எடுக்கிறாள். ஐந்து பேருக்கும் ஒரே செய்தியை எழுதுகிறாள். அழிக்கிறாள். தனித்தனியாக எழுதுகிறாள்.

பதில்கள் ராத்திரி வருகின்றன. ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். அவள் திருப்பி அனுப்புகிறாள், ஸ்கிரீன்ஷாட்டோடு. ஒருவர் தனியார் கூரியரிலேயே போடச் சொல்கிறார், வரியும் அவர் தலையில். கூரியர் பையன் புதுத் தொகையைச் சொன்னபிறகும் போடச் சொல்கிறார். ஒருவரின் அம்மா மதுரை கே.கே. நகரில் இருக்கிறார். ஆட்டோ பிடித்து வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறார். "என் வீட்லயே வைக்கிறேன். அவ போன்ல பார்த்துக்கட்டும்."

நான்காமவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. அவருடைய தோழியின் மாமனார், மாமியார் செப்டம்பர் முதல் வாரம் நியூஜெர்சிக்குக் கிளம்புகிறார்கள். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ. சாம்பார்ப் பொடி, வடகம், பேரனுக்குச் சட்டை போக நாலு கிலோ இடம் இருக்கிறது. அந்த அம்மாள் விளாச்சேரிக்கே வந்துவிடுகிறார். அட்டைப் பெட்டி வேண்டாம் என்கிறார். தன் பழைய சுங்குடிச் சேலை இரண்டைக் கொண்டுவந்திருக்கிறார். மாமியாரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து தசாவதாரத்தைச் சேலையில் சுற்றுகிறார்கள். மச்சம். கூர்மம். வராகம். வாமனனின் குடை மட்டும் தனியாக.

"பரசுராமர் கோடாலி கூரா இருக்கே, ஏர்போர்ட்ல பிடிச்சு வச்சிக்கிட்டா?"

"காகிதந்தாம்மா அது. விரலால அமுக்கிப் பாருங்க."

அந்த அம்மாள் அமுக்கிப் பார்க்கிறார்.

ஐந்தாவது பெட்டியின் பேரில் பதில் ஒரு வரி. "வெச்சிருங்க மேடம். திறந்ததும் அனுப்புங்க." ஃபிரிஸ்கோ.

புரட்டாசி நெருங்குகிறது. தெருவில் கார்கள். சுடுமண் பொம்மைக்கு ஆள் வருகிறது.

மதுரைப் பெண்மணி ஒருத்தர், அறுபது வயது இருக்கும், பலகை பலகையாகப் பார்த்துவருகிறார். ஒவ்வொரு பொம்மையையும் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரல் முட்டியால் தட்டுகிறார். நன்றாக வெந்தது கணீரென்கிறது. வேகாதது மொத்தென்கிறது. மொத்தென்றதை வைத்த இடத்திலேயே வைக்கிறார். மாமனார் திண்ணையிலிருந்து அந்த ஓசைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு மொத்துக்கு மட்டும் எழுந்து வந்து, அந்தப் பொம்மையை எடுத்து உள்ளே கொண்டுபோகிறார்.

"இது எவ்வளவு?"

"நானூத்தம்பது, தாயி."

"முந்நூறு போட்டுக்குங்க. வருஷா வருஷம் வாறேன்ல."

"போன வருஷம் ஆண்டாள். அதுக்கு மொத வருஷம் கூரத்தாழ்வார்" என்கிறார் மாமனார். "தெரியும் தாயி. நானூறு குடுங்க."

அந்த அம்மாள் நானூறு கொடுக்கிறார்.

போனில் பெரிய விற்பனைத் தளங்களின் பண்டிகை விற்பனை விளம்பரம். செப்டம்பர் 23 தொடக்கம், அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் ஒரே நாளில். ஜி.எஸ்.டி. குறைப்பு 22-ல், நவராத்திரியின் முதல் நாளில். ஃபிரிட்ஜ், டிவி, செல்போன். மருமகள் தள்ளிவிட்டுச் செய்திகளுக்குப் போகிறாள். பெங்களூரிலிருந்து புகார் ஒன்று. ஆச்சியின் கை உடைந்திருக்கிறது. படம் இருக்கிறது, பெட்டியைத் திறக்கும் வீடியோ இல்லை. வீடியோ இல்லாமல் மாற்றித் தரப்படாது என்று பக்கத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறாள். படத்தைப் பெரிதாக்குகிறாள். உடைந்த இடம் வெள்ளையாக, புதிதாக இருக்கிறது. கூரியரில் உடைந்ததுதான். முகவரியைக் கேட்டு எழுதுகிறாள். மறுநாள் இன்னொரு ஆச்சி கிளம்புகிறாள், செட்டியார் இல்லாமல்.

22-ஆம் தேதி சாயங்காலம் தொட்டுப் படங்கள் வருகின்றன. ஐந்து படி, ஏழு படி, ஒன்பது படி. சீரியல் பல்பு. பட்டுப் பாவாடைக் குழந்தைகள். மருமகள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் விரிக்கிறாள். நடுப்படியில், பிளாஸ்டிக் மரத்துக்குப் பக்கத்தில், வளைகாப்பு. எடிசனில் செட்டியார் ஆச்சிக்கு முன்னால் நிஜ அரிசி, நிஜப் பருப்பு, சின்னக் கிண்ணங்களில்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். "இந்தச் செட்டியாருக்கு இடது கண்ணு கொஞ்சம் மேல போயிருச்சு" என்கிறார். மருமகளுக்குத் தெரியவில்லை. இன்னும் விரிக்கிறாள். தெரியவில்லை.

அக்டோபர் 2, விஜயதசமி. தாளில் எல்லா வரியும் அடிக்கப்பட்டிருக்கிறது. மகன் அதைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டுகிறான். "குடில் – சென்னை, கோவா – நவம்பர் 15." மழை ஆரம்பித்துவிட்டது. காய வைக்க இடம் வீட்டுக்குள்தான். கட்டிலில் ஒட்டகங்கள். தையல் மிஷின் மேல் சம்மனசுகள்.

அக்டோபர் 15. அமெரிக்காவுக்கு அஞ்சல் திரும்பவும் தொடங்குகிறது. அறிவித்த மதிப்பில் 50 சதவீதம் சுங்கவரி, இங்கேயே, கவுண்டரிலேயே, முன்கூட்டிக் கட்ட வேண்டும்.

மருமகள் ஃபிரிஸ்கோவுக்கு எழுதுகிறாள். தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கிறது. கொலு முடிந்து இரண்டு வாரம் ஆகிறது.

"அனுப்புங்க மேடம். வரி எவ்வளவுன்னு சொல்லுங்க, அப்பா கோயம்புத்தூர்லேர்ந்து ஜிபே பண்ணுவார். பெட்டில இடம் இருந்தா சின்னக் குடில் ஒண்ணும் வைங்க. எதிர்வீட்டுக்காரங்களுக்கு."

ஆகஸ்டில் ஒட்டிய டேப்பை மகன் பிளேடால் கிழிக்கிறான். சீனிவாச கல்யாணம் அப்படியே இருக்கிறது, உறை கலையாமல். பந்தலின் நான்கு கால்களுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம். மாதா, சூசையப்பர், குழந்தை, ஒரு மாடு, ஒரு ஆடு. மூன்று ராஜாக்களுக்கு இடம் போதவில்லை. மாமியார் பத்மாவதியைச் சற்று நகர்த்துகிறார். பிரம்மாவின் சுருணையைக் குறைக்கிறார். ராஜாக்கள் உள்ளே போகிறார்கள். ஒட்டகம் மட்டும் வெளியே.

கவுண்டரில் அதே பெண்மணி. பெட்டியைத் தராசில் வைக்கிறார். படிவத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

"மதிப்பு?"

"ஏழாயிரத்து இருநூறு."

"வரி மூவாயிரத்து அறுநூறு. தபால் செலவு தனி. பரவாயில்லையா?"

மகன் போனைக் காதில் வைத்துத் தலையசைக்கிறான். பெண்மணி முத்திரை குத்துகிறார். பின்னால் வரிசை நகர்கிறது.

வீட்டில் மருமகளின் போன் அடிக்கிறது. பணம் வந்த சத்தம். தொடர்ந்து செய்தி.

"ரொம்ப தேங்க்ஸ். அடுத்த வருஷக் கொலுவுக்கு அறுபடை வீடு செட் இப்பவே சொல்லிடவா? லேட் ஆயிட்டா கஷ்டமா இருக்கு."

அவள் நோட்டைத் திறக்கிறாள். புதுப் பக்கம். மேலே "ஃபிரிஸ்கோ" என்று எழுதிவிட்டுப் பதில் அடிக்கிறாள்.

"சொல்லுங்க மேடம். சித்திரை வெயில்ல காய வச்சு வைகாசிக் கப்பல்ல போட்டுருவோம். முன்பணம் பாதி."